ஊசியும் ஊரும்: கொரோனா தடுப்பூசி நடந்து வந்த வழி

கொரோனா காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் தனித்தனியே சொல்லப்பட்டுவருகின்றன. ஒன்று ஆய்வகத்தின் கதை: உலகமே முடங்கிக் கிடந்தபோது ஓராண்டுக்குள் தடுப்பூசி உருவானது. மற்றொன்று தெருவின் கதை: முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டார்கள், மருந்து வாங்கிக் கொடுத்தார்கள், உறவினர்கள் நெருங்க அஞ்சிய உடல்களை அடக்கம் செய்தார்கள். முதல் கதை அறிவியல் பக்கத்தில் வந்தது. இரண்டாவது, மனதைத் தொடும் செய்தியாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. மருந்து வரும்வரை தாக்குப்பிடிக்க மனிதநேயம் துணை நின்றது, மருந்து வந்ததும் அதன் வேலை முடிந்தது என்ற எண்ணமும் கூடவே பரவியது.

நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் இந்தப் பாகப்பிரிவினை நிற்பதில்லை. தடுப்பூசி கண்டுபிடிக்கப்படுவது ஒரு வேலை. அது ஒருவருடைய கையில் ஏறுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை விமானங்களும் குளிர்பெட்டிகளும் மட்டும் கடந்துவிடவில்லை. ஊரடங்கில் அரிசி வந்த வழியாகவே பின்னர் ஊசியும் வந்தது. அந்த வழி எப்படி உருவானது, எங்கே அறுந்தது, அதனால் முடியாதது எது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நவம்பரில் வந்த மூன்று செய்திகள்

2020 நவம்பர் 9 அன்று ஃபைசர், பயோஎன்டெக் நிறுவனங்கள் தங்கள் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருவதாக அறிவித்தன. ஒன்பது நாள் கழித்து வந்த முழு முடிவு அதை 95 சதவீதம் என்றது. இடையில் 16ஆம் தேதி மாடர்னாவின் அறிவிப்பு: 94.5 சதவீதம். 23ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு – அஸ்ட்ராஜெனிகாவின் முறை: சராசரியாக 70 சதவீதம். 50 சதவீதப் பலன் இருந்தாலே அனுமதி பற்றி யோசிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஜூன் மாதத்தில்தான் சொல்லியிருந்தது. எதிர்பார்ப்பு அவ்வளவு அடக்கமாக இருந்த நேரத்தில் வந்த எண்கள் இவை. டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 90 வயது மார்கரெட் கீனன், பரிசோதனைக்கு வெளியே ஃபைசர் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட முதல் ஆளானார்.

மேலைநாட்டு ஊடகங்கள் முதல் இரண்டு செய்திகளைக் கொண்டாடின. நம் பகுதிக்கு முக்கியமாக இருந்ததோ மூன்றாவது. ஃபைசர் தடுப்பூசியை அப்போது உறைநிலைக்குக் கீழே 70 டிகிரியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி போதுமாக இருந்தது. அதாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை வைக்கிற அதே குளிர்பெட்டி போதும். புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் அதைக் 'கோவிஷீல்டு' என்ற பெயரில் தயாரித்தது. 95ஐவிட 70 சிறிய எண்தான். ஆனால் கிராமத்துக்கு வந்து சேரக்கூடிய எண் அதுவே.

பதினோரு மாதம் எப்படிப் போதும்?

இந்த வேகமே சந்தேகத்துக்கும் விதையானது. அதுவரை மிக விரைவாக உருவானதாகச் சொல்லப்பட்டது பொன்னுக்குவீங்கித் தடுப்பூசி. 1963இல் மாரிஸ் ஹில்லெமன் தன் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு தொடங்கிய வேலை 1967இல் அனுமதியில் முடிந்தது. அதற்கே நான்காண்டு ஆனதென்றால் இதற்கு எப்படிப் பதினோரு மாதம்?

முதல் காரணம், பழைய உழைப்பு. காட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும், ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளுக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ மூலக்கூறில் சிறு மாற்றம் செய்தால் உடல் அதை எதிரியாக நினைத்துத் தாக்குவதில்லை என்பதை 2005இலேயே காட்டியிருந்தார்கள். ஆய்வு நிதி கிடைக்காமல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கத்துக்கு ஆளானவர் கரிகோ. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஸ், மெர்ஸ் நோய்களைப் பற்றிய ஆய்வுகளால் கிருமியின் மேலிருக்கும் ஸ்பைக் புரதத்தை எந்த வடிவில் உடலுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அதனால்தான் 2020 ஜனவரியில் சீன ஆய்வாளர்கள் மரபணு வரிசையை வெளியிட்ட இரண்டே மாதத்தில், மார்ச் 16 அன்று, சியாட்டிலில் மாடர்னாவின் ஊசியை முதல் மனிதருக்குப் போட முடிந்தது. இரண்டாவது காரணம், பணம்: பலன் தெரிவதற்கு முன்பே உற்பத்தியைத் தொடங்க அரசுகள் துணிந்து முதலிட்டன. மூன்றாவது சற்றே கசப்பானது: தொற்று அவ்வளவு வேகமாகப் பரவியதால் பரிசோதனையின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நான்காவது காரணத்தை அறிவியல் பக்கங்கள் அதிகம் பேசவில்லை. ஃபைசர் பரிசோதனையில் ஏறத்தாழ 44,000 பேர், மாடர்னாவில் 30,000 பேர், ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் கோவேக்சினில் 25,800 பேர் கை நீட்டினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கிடைத்தது மருந்தில்லாத ஊசி. தனக்குக் கிடைத்தது எது என்று தெரியாமலே, யாரோ ஒருவருக்காகத் தன் உடம்பைக் கொடுத்தவர்கள் இவர்கள். தடுப்பூசிக்கும் பரிவுக்கும் உள்ள உறவு முகாமில் தொடங்கவில்லை, பரிசோதனைக் கூடத்திலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பரிவுக்கு ஈடாகத் தரவேண்டியது முழுத் தகவல். போபாலில் நடந்த பரிசோதனையில் தங்களுக்கு எல்லாம் விளக்கப்படவில்லை என்று ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சிலர் புகார் கூறியது, அந்தக் கடன் எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தீர்க்கப்படவில்லை என்பதைக் காட்டியது.

ஊசிக்கு முந்தைய ஓராண்டு

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது கைவசம் இருந்த தடுப்பு முறை ஒன்றே ஒன்றுதான்: விலகியிருத்தல். ஆனால் வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் அடுப்பு எரிய வேண்டும். தினக்கூலிக்காரரும் ஊர் திரும்ப முடியாத வடமாநிலத் தொழிலாளியும் தனியாக வாழும் முதியவரும் விலகியிருப்பதற்கு யாராவது அவர்களை நெருங்கியாக வேண்டும். அந்த முரணைத் தீர்த்தவர்கள் தன்னார்வலர்கள்.

கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களும் சேர்ந்து சமுதாயச் சமையலறைகளைத் திறந்தார்கள். சென்னையில் அம்மா உணவகங்கள் இலவசமாகச் சாப்பாடு போட்டன. கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்த பாட்டி, பருப்பு விலை ஏறியும் ஒரு ரூபாயைத் தாண்டவில்லை. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை 2,50,000 தன்னார்வலர்களைக் கேட்டது. சில நாட்களில் 7,50,000 பேர் பெயர் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு சர்ச்சையும் எழுந்தது. 2020 ஏப்ரலில் தனியார் நேரடியாக உணவு வழங்கக் கூடாது, அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்பது அரசின் வாதம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிபந்தனைகளுடன் வழங்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. தொற்றைப் பற்றிய அரசின் கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற தகவல் வட்டாட்சியர் அலுவலகத்தைவிட அந்தத் தெருவுக்கு நன்றாகத் தெரியும். பிற்பாடு தடுப்பூசிக்கும் தேவைப்பட்டது இதே தகவல்தான்: யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்குச் செல்போன் கிடையாது.

2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலையில் இந்தப் பரிவு இன்னொரு வடிவம் எடுத்தது. டெல்லியை ஒட்டிய இந்திராபுரத்தில் ஒரு குருத்வாரா, மூச்சுத் திணறி வந்தவர்களுக்குத் தெருவிலேயே ஆக்ஸிஜன் கொடுத்தது. சோறு போடும் லங்கர் மரபு காற்றுக்கும் நீண்டது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் முன் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்துக் கிடந்த நாட்களில், தாயைத் தொற்றுக்குப் பறிகொடுத்த ஒரு பெண் ஆக்ஸிஜன் பொருத்திய ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகளைத் தாங்கினார். பிழைத்துப்போனவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: ஆபத்தில் யார் பேச்சை நம்பலாம் என்பதை.

ஈரம் வற்றிய இடங்கள்

எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவர் தானே மண்வெட்டி பிடித்து நள்ளிரவில் நண்பரைப் புதைக்க நேர்ந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை ஒரு வாரத்தில் அரசு கொண்டுவந்தது. இலங்கையில் அரசே இந்தத் தவறைச் செய்தது: கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு முஸ்லிம் குடும்பங்களைப் பல மாதம் வதைத்து, 2021 பிப்ரவரி இறுதியில்தான் விலக்கப்பட்டது. புதைப்பதால் தொற்று பரவுவதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இரண்டையும் அனுமதித்திருந்தது.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) போன்ற இஸ்லாமிய அமைப்புகளின் தொண்டர்கள் கவச உடை அணிந்து, இறந்தவர் எந்த மதமோ அந்த மத முறைப்படி உடல்களை எரித்தார்கள், புதைத்தார்கள். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் மாநாட்டைக் காட்டி ஒரு சமூகத்தையே நோயின் காரணமாகச் சித்திரித்த சில மாதங்களுக்குள் நடந்தது இது.

இவற்றை ஒழுக்கக் கதைகளாக மட்டும் படிக்கக் கூடாது. பொது சுகாதாரத்தில் இவற்றுக்கு நேரடி விளைவு உண்டு. நோய் வந்தால் ஊர் ஒதுக்கும், இறந்தால் அடக்கம்கூட நடக்காது என்று பயந்தவர் காய்ச்சலை மறைப்பார். பரிசோதனைக்கு வராத ஒருவரை ஊசிக்கு மட்டும் வா என்று அழைப்பது கடினம். நோயாளியை இழிவுபடுத்தாத ஊரில்தான் தடுப்பூசி பற்றிய பேச்சையே தொடங்க முடியும்.

குப்பியிலிருந்து கைக்கு

2021 ஜனவரி 3 அன்று கோவிஷீல்டுக்கும் கோவேக்சினுக்கும் இந்தியா அனுமதி அளித்தது. 16ஆம் தேதி நாடெங்கும் முகாம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தொடக்க விழா. கூட்டம் வரவில்லை. சுகாதாரப் பணியாளர்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கோவேக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடியும் முன்பே அனுமதி தரப்பட்டது, பலன் 77.8 சதவீதம் என்ற விவரம் பல மாதம் கழித்தே வெளிவந்தது. அஸ்ட்ராஜெனிகா ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைவதாக வந்த தகவலையொட்டி மார்ச்சில் ஐரோப்பிய நாடுகள் சில அதைத் தற்காலிகமாக நிறுத்தின. படித்தவர்களிடமே கேள்விகள் இருந்தன.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காகவே ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவின் ஆய்வும் அக்டோபரில் அதையே சொன்னது. ஆனால் வாட்ஸ்ஆப் அக்டோபர் வரை காத்திருக்கவில்லை. ஊர் ஊராக மரம் நட்டு நல்லெண்ணம் சம்பாதித்த ஒரு கலைஞரின் மரணம், அவர் விரும்பியதற்கு நேர்மாறாகப் பயத்தைப் பரப்பியது. ஊடக விளம்பரத்தில் தெரியும் முகத்தின் வலிமையையும் அதன் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு இது. தொலைவில் உள்ள ஒரு பெரிய பெயரை நம்பி எழுப்பும் நம்பிக்கை ஒரே நாளில் சரியக்கூடும்.

அதைத் திரும்பக் கட்டியவர்கள் சிறிய பெயர்க்காரர்கள். கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு வீட்டின் பிரசவத்தையும் குழந்தையின் முதல் ஊசியையும் பார்த்தவர்; 'நர்சம்மா' சொன்னால் கேட்கும் வீடுகள் ஏராளம். நீலகிரியில் பழங்குடி மக்களிடையே நெடுங்காலம் வேலை செய்த தொண்டு நிறுவனங்களும் சுகாதாரத் துறையும் குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் பேசி, 2021 நடுவிலேயே வயது வந்த பழங்குடியினரில் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணையைப் போட்டு முடித்தார்கள். சென்னையை அடுத்த கோவளம் மீனவர் ஊரில் 18 வயதைக் கடந்தவர்கள் 6,400 பேர் இருக்க, இரண்டு மாதத்தில் ஊசிக்கு வந்தவர்கள் 58 பேர்தான் என்று செய்திகள் கூறின. உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் பிரியாணி, செல்போன் ரீசார்ஜ், குலுக்கலில் தங்கக் காசு, ஸ்கூட்டர் என்று அறிவித்தன. மூன்றே நாளில் 345 பேர் வந்தார்கள். லஞ்சம் என்று இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் பொட்டலம் நீட்டியவர்கள் அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்துவந்தவர்கள். வேற்றூரார் வந்து பிரியாணி கொடுத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும்.

தடைகளில் பல மிகச் சாதாரணமானவை. மே மாதத்தில் 18 வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது ஒன்றிய அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். அந்தத் தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. ஜூனில் பிற மொழிகள் சேர்க்கப்பட்டபோதும் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகே இடம்பெற்றது. இடைப்பட்ட வாரங்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் ஓடிபி பார்த்துச் சொல்லிப் பெரியவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், இரண்டு நாள் கூலி போகும் என்பது கட்டிடத் தொழிலாளியின் நியாயமான கணக்கு. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு நடத்திய முதல் மெகா முகாமில் 40,000 இடங்களில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. முகாம் மக்களின் வசிப்பிடத்துக்கே வந்ததும் அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததும் காரணம். பிறகு அசைவமும் மதுவும் எடுப்பவர்கள் ஞாயிறன்று ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும் முகாம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. மக்களைத் திட்டாமல் நாளை மாற்றியதில் ஒரு நிர்வாகம் கற்றுக்கொண்ட பரிவு தெரிகிறது.

கேரளத்திலிருந்து இன்னொரு சான்று. 2021 மே தொடக்கத்தில் அந்த மாநிலம் பெற்றது 73,38,806 தவணை, போட்டது 74,26,164. பத்துத் தவணைக் குப்பியில் விரயத்துக்கென்று விடப்படும் கூடுதல் மருந்தையும் செவிலியர்கள் ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்துப் பதினோராவது ஆளுக்குப் போட்டதே காரணம். கண்ணூரில் ஒரு பீடித் தொழிலாளி தன் வங்கிச் சேமிப்பில் சில நூறு ரூபாயை மட்டும் விட்டுவிட்டு 2 லட்சம் ரூபாயைத் தடுப்பூசிக்காக முதல்வர் நிதிக்கு அனுப்பினார்.

போலியோவில் கற்ற பாடம்

இதெல்லாம் கொரோனா புதிதாகக் கற்றுக்கொடுத்ததா என்றால் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான், ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைத் தொடக்கத்திலேயே செய்து பார்த்தவர். 1995இல் அது நாடு தழுவிய 'பல்ஸ் போலியோ' ஆனது. உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் சொட்டு மருந்து ஆண்மையைப் போக்கும் என்ற வதந்தியால் கதவுகள் சாத்தப்பட்டபோது, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களையும் பள்ளிவாசல் இமாம்களையும் சேர்த்துக்கொண்ட பிறகே கதவுகள் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் காட்டுவகைப் போலியோ வரவில்லை. 2014இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. மருந்து மேம்பட்டது மட்டுமல்ல, மருந்தைக் கொண்டுபோகும் ஆள் மாறியதும் முடிவை மாற்றியது.

பரிவால் முடியாதது

ஆயினும் பரிவைப் பாராட்டும்போது எச்சரிக்கை வேண்டும். இல்லாத மருந்தை எந்தத் தன்னார்வலராலும் போட முடியாது. 2021 மே மாதத்தில் தயக்கம் குறைந்து மக்கள் வந்து நின்றபோது குப்பி இல்லை. மாநிலங்களே வாங்கிக்கொள்ளலாம் என்ற அன்றைய கொள்கையின்படி தமிழ்நாடு 3.5 கோடித் தவணைக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது, ஒருவரும் முன்வரவில்லை. வயதுக்கும் வாங்குபவருக்கும் ஏற்ப மாறிய அந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் கடுமையாக விமர்சித்தது. ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே வாங்கி இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒரு குப்பியும் தயாரிக்காமல் கிடந்தது. தமிழ்நாடு அதைக் குத்தகைக்குக் கேட்டும் காரியம் ஆகவில்லை. கிண்டியின் கிங் நிலையமும் குன்னூரின் பாஸ்டர் நிலையமும் நூறாண்டுக்கு மேல் தடுப்பூசிப் பணியில் இருந்த மாநிலத்தின் நிலை இது.

நாடுகளுக்கிடையே நிலைமை இன்னும் மோசம். ஏழை நாடுகளுக்காக உருவான கோவாக்ஸ் திட்டத்தின் முதல் சரக்கு 2021 பிப்ரவரி 24 அன்று கானாவில் இறங்கியது. அவை புனேயில் தயாரான ஊசிகள். இந்தியா அதற்கு முன்பே பூடான், மாலத்தீவு, இலங்கை ஆகிய அண்டை நாடுகளுக்கு ஊசி அனுப்பியிருந்தது. இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றது. கோவாக்ஸுக்கு மீண்டும் அனுப்ப நவம்பர் ஆனது. பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகையைக் காட்டிலும் பல மடங்கு முன்பதிவு செய்து வைத்திருந்தன. அந்த ஆண்டு முடிவில் மிகக் குறைந்த வருவாய் நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட ஒரு தவணை கிடைக்கவில்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் லான்செட் குழும இதழில் வெளியிட்ட மதிப்பீடு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. முதல் ஓராண்டில் தடுப்பூசியால் உலகெங்கும் தவிர்க்கப்பட்ட மரணங்கள், பதிவான இறப்புகளின்படி 1.44 கோடி, பதிவாகாதவற்றையும் கணக்கில் கொண்டால் 1.98 கோடி. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 42 லட்சம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஒவ்வொரு நாட்டிலும் 20 சதவீதம் பேருக்கு என்ற கோவாக்ஸ் இலக்கு எட்டப்பட்டிருந்தால், குறைந்த வருவாய் நாடுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியிருக்கும். தெருவுக்குள் வேலை செய்த பரிவு தேச எல்லையில் நின்றுபோனதன் விலை அது.

அடுத்த முறைக்கு

இவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். தடுப்பூசியின் வெற்றிக்கு ஆய்வகமும் ஆலையும் எவ்வளவு அவசியமோ, அதைக் கொண்டுசேர்க்கும் உறவுகளும் அவ்வளவு அவசியம். இரண்டாவது, அந்த உறவுகள் முகாம் நாளன்று முளைப்பதில்லை. சோறு கொடுத்தவர், ஆக்ஸிஜன் பிடித்தவர், அடக்கத்துக்கு வந்தவர் ஆகியோரிடம் ஊர் வைத்த நம்பிக்கையே பிறகு ஊசிக்கும் கிடைக்கிறது. மூன்றாவது, இந்த நம்பிக்கையைச் சாக்காக வைத்து அரசு தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. கொள்முதலும் உற்பத்தியும் நேர்மையான தகவலும் அரசின் வேலை. அவற்றில் விழும் ஓட்டையைத் தன்னார்வலரின் கருணையால் அடைக்கப் பார்ப்பது அந்தக் கருணைக்கே இழைக்கும் அநீதி.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உள்ளூர்ப் பெண்களை வீடு வீடாக அனுப்பிச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுக்கிறது. நாடெங்கும் உள்ள 'ஆஷா' எனும் சமுதாய சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது அளித்தது. விருது பெற்ற அந்தப் பெண்கள் முறையான சம்பளம் கேட்டு இன்றும் போராடுகிறார்கள். அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டங்களில் ஆய்வகத்துக்கும் குளிர்சாதனக் கிடங்குக்கும் நிதி ஒதுக்குகிறோம்; சரிதான். அதே ஏட்டில் இவர்களுக்கு மாதச் சம்பளம், வார்டு வாரியாகத் தன்னார்வலர் பட்டியல், இறந்தவரைக் கண்ணியமாக அடக்கம் செய்ய ஓர் ஏற்பாடு ஆகியவற்றுக்கும் வரி எழுதப்பட வேண்டும். அடுத்த கிருமிக்கான ஊசி நூறே நாளில் வரலாம். நர்சம்மாவை ஊர் நம்புவதற்குப் பல ஆண்டு ஆகும். அந்த வேலையை நோய் இல்லாத காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.